கதை கேட்கும் வீடு

முதல் அத்தியாயம், கடைசி வரிக்குக் கீழே
பாறசாலை, ஜூன் 8, 2025

பிரியமுள்ள அக்காவுக்கு,

இது உன் கண்ணில் படுமா என்று தெரியாமலே எழுதுகிறேன். இன்று மதியம் சும்மா இருக்கப் பிடிக்காமல் போனில் இந்த நாவலைத் திறந்தேன். முதல் அத்தியாயத்தில் ஒரு வரிக்கு மஞ்சள் பூசியிருந்தது. நான் பூசவில்லை. கீழே 'ரொம்பத்தான்!' என்று ஒரு குறிப்பு. அப்படி எழுதுகிறவள் இந்த உலகத்தில் ஒருத்திதான்.

என் கல்யாணத்துக்கு முன்னால் உன் கணக்கை என் போனில் போட்டுத் தந்தாய், நினைவிருக்கிறதா? "நான் வாங்குற புஸ்தகத்த நீயும் ஓசியில வாசி மக்கா" என்றாய். அந்தத் தொடர்பு இன்னும் அறுபடவில்லை. நீ குழித்துறையில் பூசும் மஞ்சள் இங்கே என் கையில் தெரிகிறது. பார்த்ததும் அழுதுவிட்டேன். மாமியார் கேட்டதற்குக் கதையில் ஒருத்தி செத்துப் போனாள் என்று சொன்னேன்.

அப்பாவின் பதினாறாம் நாள் காரியத்தன்று நீயும் என் வீட்டுக்காரரும் சண்டை போட்டபின் உன் எண்ணை அவரே என் போனில் தடுத்து வைத்துவிட்டார். மெடிக்கல் ஸ்டோரை அடைத்துவிட்டு நெய்யாற்றின்கரையிலிருந்து வந்ததும் முதல் வேலை என் போனைப் பார்ப்பதுதான். வாட்ஸப் அவர் லேப்டாப்பிலும் திறக்கும். ஆனால் இந்தப் புத்தகத்தை மட்டும் அவர் கண்டுகொள்வதில்லை. அவர் படித்தது மலையாளத்தில். பேச்சில் நம்மைவிட நல்ல தமிழ், எழுத்தில் ஓர் 'அ' தெரியாது. நேற்று திரையைப் பார்த்துவிட்டு, "இதென்ன, எறும்பு மேஞ்ச மாதிரி கெடக்கு" என்று சொல்லித் திருப்பித் தந்தார்.

எனவே இங்கே எழுதுகிறேன். பார்த்தால் ஒரு வரி போடு.

உன் தன்யா

முதல் அத்தியாயம், உன் குறிப்புக்குக் கீழே
குழித்துறை, ஜூன் 9, 2025

என் தங்கச்சி தன்யாவுக்கு,

பள்ளிக்கூடத்தில் ஒன்பதாம் வகுப்புக்கு அல்ஜீப்ரா நடத்த வேண்டிய நேரத்தில் ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தேன். பிள்ளைகள் டீச்சருக்கு ஜலதோஷம் என்று நினைத்திருக்கும்.

ஒரு வருடம் ஆகப் போகிறது உன் சத்தம் கேட்டு. ஒரே ஒரு பஸ்ஸில் ஏறினால் வந்து சேரும் தூரம். போன ஓணத்துக்குத் துணி எடுத்துக்கொண்டு வந்தேன், உன்னிடம் சொன்னார்களா? சொல்லியிருக்க மாட்டார்கள். கேட்டுக்கு வெளியே நிறுத்தி, "அவ ஒறங்குகா" என்று உன் மாமி சொன்னார்கள். காலை பதினோரு மணிக்கு என்னடி உறக்கம் என்று நினைத்துக்கொண்டே திரும்பினேன்.

அன்றைக்கு நான் போட்ட சண்டையை நினைத்து நான் வருந்தவில்லை. யாராவது உன்னிடம் எதைக் கேட்டாலும் உனக்கு முன்னால் அவன் பதில் சொல்கிறான். "அவளுக்கு வாய் உண்டு, அவ சொல்லட்டும்" என்றேன். அது ஒரு குற்றமா?

இந்தக் குறிப்பில் எவ்வளவு எழுதினாலும் வாங்கிக்கொள்கிறது, எழுதிப் பார்த்துவிட்டேன். நாவலும் வாகானது. ஐந்து பாகம், யாரும் முடித்ததாகச் சரித்திரம் இல்லை. நீ எங்கே நிறுத்தினாயோ அந்தப் பக்கம் என் போனில் தானாக வந்து நிற்கிறது. இனி நீ படிக்கிறாய் என்று தெரிந்தாலே எனக்குப் போதும். படித்த கையோடு குறிப்புகளை அழித்துவிடு. அம்மாவுக்கு மூட்டுவலி தவிர வேறு ஒன்றும் இல்லை. உன்னை விசாரித்துக்கொண்டே இருக்கிறாள்.

உன்னை நினைத்தபடியே,
பிரசீதா

ஆறாம் அத்தியாயம், உப்பு வணிகன் மகள் கோட்டைக்குள் வரும் இடம்
பாறசாலை, ஜூன் 22, 2025

பிரியமுள்ள அக்காவுக்கு,

குறிப்புகளை அழிக்கச் சொன்னாய். என்னால் முடியவில்லை. நீயும் அழிக்காதே. காரணம் சொல்கிறேன், திட்டாதே. எனக்கு இப்போதெல்லாம் மறதி வருகிறது. காலையில் என்ன செய்தேன் என்பது மதியம் நினைவில் இல்லை. உன் எழுத்தைத் திரும்பத் திரும்பப் படித்தால்தான் நான் இன்னாள் என்று ஒரு பிடிமானம் கிடைக்கிறது.

மேடம் மாதம், நம் சித்திரையில், நெய்யாற்றின்கரையில் ஒரு லேபில் ஆள் எடுப்பதாகக் கேள்விப்பட்டு, நான் படித்த படிப்பு வீணாகப் போகிறதே, போகட்டுமா என்று அவரிடம் கேட்டேன். கோபப்படவில்லை. "ஒனக்கு ஒடம்பு வெளுத்து இருக்கு, மொதல்ல அதைப் பாப்போம்" என்றார். அன்று முதல் காலையும் மாலையும் வைட்டமின் தருகிறார். அட்டையோடு அல்ல, உள்ளங்கையில் வைத்து. நான் தண்ணீர் குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நிற்பார். அப்புறம் "நல்ல பிள்ளை" என்று தலையில் தட்டுவார்.

அதைப் போட்டதும் உறக்கம் வரும். எழுந்தால் கண்ணில் பனி மூடிய மாதிரி இருக்கும். இரண்டு பக்கம் படிப்பதற்குள் எழுத்துகள் ஓடிவிடுகின்றன. பக்கத்து வீட்டு ஆனந்தபாய் அக்கா மதில் வழியே பார்த்து, "இப்பம் கொள்ளாமா பிள்ளே, சொகமாச்சா?" என்று கேட்டாள். எதற்கு என்றேன். "தலைக்குக் கொஞ்சம் சுகமில்லேன்னு அனூஜ் சொன்னான்" என்றாள். வெளுப்புக்கு மருந்து என்று என்னிடம் சொல்லிவிட்டு, ஊரில் ஏன் தலைக்கு என்று சொல்ல வேண்டும்? எனக்குப் பயமாக இருக்கிறது அக்கா. ஆனால் என்ன சொல்லிப் பயப்படுவது என்று தெரியவில்லை.

உன் தன்யா

ஆறாம் அத்தியாயம், அதே பக்கம்
குழித்துறை, ஜூன் 24, 2025

தன்யாவுக்கு,

எந்த வைட்டமினடி ஒருத்தியை நாள் முழுக்க உறங்க வைக்கும்? இங்கே தெரிந்த டாக்டரிடம் கேட்டேன். கண்ணால் பார்க்காமல் ஒன்றும் சொல்ல முடியாது என்றார். அது வெள்ளையா, மஞ்சளா, நடுவில் கோடு உண்டா என்று பார்த்து எழுது. முடிந்தால் ஒன்றை நாக்குக்கு அடியில் ஒதுக்கி வைத்துத் துப்பி எடு.

நான் வந்து கூட்டிக்கொண்டு போகிறேன் என்றால் நீ வேண்டாம் என்பாய், எனக்குத் தெரியும். பயமாக இருக்கிறது என்று நீ எழுதியதே எனக்குப் போதுமான காரணம். இருந்தாலும் உன் வாயால் 'வா' என்று கேட்டபின்தான் படியேறுவேன். உனக்குப் பதிலாக இன்னொருத்தர் முடிவு செய்கிற வேலையை நானும் செய்யமாட்டேன்.

கண் தெரியவில்லை என்று படிப்பதை விட்டுவிடாதே. பக்கம் நகராவிட்டால் எனக்கு இங்கே வேலை ஓடாது. மேலே மூன்று புள்ளியைத் தொட்டால் காதுபோல ஒரு குறி இருக்கும். அதைத் தொடு. போனே கதையை உனக்கு வாசித்துத் தரும். ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு நீ பாட்டுக்குக் காய் நறுக்கலாம். குரல் கொஞ்சம் செய்தி வாசிக்கிறவள் மாதிரி இருக்கும். இளவரசன் காதல் சொன்னாலும் ஒன்றுதான், வெள்ளம் வந்தாலும் ஒன்றுதான். பக்கத்திலேயே மைக் குறியும் உண்டு. நீ பேசினால் அது எழுதும். கண்ணுக்கு வேலையே வேண்டாம். உன் அக்கா கணக்கு டீச்சர்தான், ஆனாலும் சில உபயோகம் உண்டு.

சாப்பிடு. கேட்டியா?
பிரசீதா

பதினொன்றாம் அத்தியாயம், மந்திரியின் சூழ்ச்சி
பாறசாலை, ஜூலை 4, 2025

பிரியமுள்ள அக்காவுக்கு,

இது நான் பேசிப் பேசி போன் எழுதியது. இரண்டு கையிலும் பத்திரிக்குப் பிசைந்த அரிசி மாவு. நீ சொன்ன குறி ரொம்ப உபயோகம். கதையை மட்டுமில்லை, மஞ்சளைத் தொட்டால் உன் கடிதத்தையும் அவள் வாசிக்கிறாள். 'சாப்பிடு. கேட்டியா?' என்று அவள் சொன்னதைக் கேட்டு ரொம்ப நாளைக்கு அப்புறம் சத்தமாகச் சிரித்தேன் மீன்காரன் வந்தாச்சு பிள்ளே அந்த மண்சட்டிய எடு நெத்திலியா சாளையா கேளு மேலே உள்ளது மாமி. போனுக்கு யார் பேசினாலும் ஒன்றுதான், காதில் விழுவதை எல்லாம் எழுதிவிடுகிறது. அழிக்காமல் விடுகிறேன், நீயும் சிரி.

ஹெட்செட்டைக் காணவில்லை. அலமாரியில்தான் வைத்தேன், எங்கே போனதென்று தெரியவில்லை. அதனால் மெதுவாக வைத்துக் கேட்கிறேன். மாமி முதல் நாள் "ஆரு பேசுகது?" என்று ஓடி வந்தார்கள். கதை என்றேன். அப்படியே பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்கள். இப்போது சாப்பிட்டதும் கதை கேட்காமல் முடியாது. "அந்த மந்திரி பயல் என்ன ஆனான்?" என்று என்னிடம் தினமும் கேட்கிறார்கள். அவர்கள் பக்கத்தில் இருக்கும்போது உன் மஞ்சளை நான் தொடுவதில்லை, பயப்படாதே. உண்மையைச் சொன்னால் இந்தப் பத்து நாளாகத்தான் மாமியும் நானும் இரண்டு மனிதர்கள் மாதிரி இருக்கிறோம்.

மாத்திரை வெள்ளை, சின்னது, நடுவில் கோடு உண்டு.

இன்னொன்று. ஞாயிற்றுக்கிழமை அம்பூரிக்குக் கூட்டிப் போனார். மாமனார் வாங்கிப் போட்ட ரப்பர் தோட்டம் அங்கே இருக்கிறது. நடுவில் ஒரு பழைய வீடு. சுற்றி ஒரு வீடு கிடையாது, போனில் ஒரு கோடு ரேஞ்சு கிடையாது. கர்க்கடக மாதம், ஆடியில், உடம்புக்கு மருந்துக் கஞ்சியும் ஓய்வும் வேண்டுமாம், அங்கே வைத்துப் பார்த்துக்கொள்வாராம். பின்கட்டு அறைக்குப் புதுச் சுண்ணாம்பு அடித்திருந்தது. நல்ல காற்று. நான் சன்னலைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போதுதான் கதவைக் கவனித்தேன். தாழ்ப்பாள் புதிது. வெளிப்பக்கம் வைத்திருந்தது.

உன் தன்யா

பதினொன்றாம் அத்தியாயம், அதே பக்கம்
குழித்துறை, ஜூலை 5, 2025

தன்யாவுக்கு,

மீன்காரனுக்குச் சிரித்தேன். அப்புறம் கீழே படித்தேன்.

அறைக்கு வெளியே தாழ்ப்பாள் வைக்கிறவன் உள்ளே ஆளை வைக்கத்தான் வைக்கிறான். இதற்கு டீச்சர் தேவையில்லை. நீ அம்பூரிக்குப் போகக்கூடாது. அங்கே போனால் ரேஞ்சு இல்லை, பக்கம் நகராது, நீ எழுதினாலும் எனக்கு வந்து சேராது. உனக்கும் எனக்கும் நடுவில் இருக்கிற இந்த ஒற்றை நூலும் போய்விடும்.

வெள்ளை மாத்திரையைக் காண்பித்தால் சொல்லலாம் என்கிறார் டாக்டர். ஒன்றைப் பத்திரப்படுத்து. போலீசுக்குப் போகட்டுமா என்று கேட்டால், 'என்ன சொல்லிக் கொடுப்பாய், வைட்டமின் தருகிறான் என்றா?' என்று நீ கேட்பாய். நானே சில நாளாக அதைத்தான் கேட்டுக்கொள்கிறேன். சாட்சி நீதான். நீ உன் வாயைத் திறந்து சொன்னால் போதும்.

ஒரு வார்த்தை எழுது. வா என்று மட்டும்.

பிரசீதா

பதினேழாம் அத்தியாயம், சுரங்க வழி
பாறசாலை, ஜூலை 13, 2025

அக்கா,

வா.

நீ சொன்ன மாதிரி நேற்று இரண்டு வேளையும் நாக்கின் அடியில் ஒதுக்கிவிட்டேன். ஒன்றைக் கொசுவத்தி டப்பாவில் வைத்திருக்கிறேன். நேற்று எனக்கு உறக்கம் வரவில்லை. கண் தெளிந்திருந்தது. மதில் மேல் அணில் ஓடியது தெரிந்தது, ரயில் போனது கேட்டது. அப்போதுதான் இத்தனை மாதமாக நான் எங்கே கிடந்தேன் என்பது புரிந்தது. இப்படித் தெளிவாகப் பயப்பட்டது இதுதான் முதல் தடவை.

உறங்குவதுபோலக் கிடந்தேன். அவர் மாமியிடம் பேசியது காதில் விழுந்தது.

"வாவு கழிஞ்ச மறுநாள் கொண்டு போயிருவேன். நீயும் வா, சமைக்கதுக்கு ஆள் வேணும்."

"எத்தன நாளைக்குலே?"

"அவளுக்கு வேலைக்குப் போற கிறுக்கு மாறுத வரைக்கும்."

"அந்தப் பிள்ளைக்கு ஒண்ணும் ஆயிராதே மக்கா?"

"நான் மருந்துக் கடைக்காரனாக்கும். எனக்குத் தெரியும்."

மாமி பாய் விரிக்கப் போய்விட்டார்கள்.

கர்க்கடக வாவு, அதாவது ஆடி அமாவாசை, இந்த மாதம் இருபத்து நாலு, வியாழக்கிழமை. இறந்துபோன மாமனாருக்குப் பலித் தர்ப்பணம் கொடுக்க விடியும்போதே இரண்டு பேரும் அருவிப்புறத்துக்குப் போவார்கள். ஆற்றங்கரையில் அன்று பெரிய கூட்டம், காலை பத்து மணிவரை திரும்ப முடியாது. பெண்களுக்கு வேறு சமயத்தில் வீட்டை விட்டு வெளியே போக ஒரு காரணமும் கிடைக்காத இந்த வீட்டில், அந்தக் காலை ஒன்றுதான் நான் தனியாக இருப்பேன். பின்பக்கம் வாழைத் தோட்டத்து வழியாக வா. முன் கேட்டைப் பூட்டிவிட்டுத்தான் போவார்கள். எனக்கு மாற்றுத்துணிகூட வேண்டாம்.

அதுவரை நான் ஒழுங்காக உறங்குகிற மாதிரி நடித்துக்கொண்டிருப்பேன். சிலசமயம் வாயைத் திறந்து காட்டச் சொல்வார், அப்போது விழுங்கத்தான் வேண்டும். எனக்கு மறந்துபோனால் நீ நினைவில் வைத்திரு.

உன் தன்யா

பதினேழாம் அத்தியாயம், உன் குறிப்புக்குக் கீழே
குழித்துறை, ஜூலை 19, 2025

தன்யாவுக்கு,

வியாழக்கிழமை விடிவதற்குள் வாழைத் தோட்டத்தில் நிற்பேன். நம்பிக்கையான கார் பேச இத்தனை நாள் ஆகிவிட்டது, அதனால்தான் பதில் தாமதம். டிரைவர் ரதீஷ் நம் அம்மாவுக்கு ஒன்றுவிட்ட தம்பி மகன்தான், நம்பலாம்.

வேறு ஒன்று கேட்கவேண்டும். நேற்று மதியம் என் போனில் பக்கம் திடீரென்று பின்னால் போனது. பதினேழிலிருந்து முதல் அத்தியாயத்துக்கு. கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது. அப்புறம் ஆறாம் அத்தியாயத்துக்கு, அப்புறம் பதினொன்றுக்கு. நீயும் நானும் எழுதிய இடங்களில் மட்டும் நின்று நின்று வந்தது. நடுவில் உள்ள கதையில் எங்கேயும் நிற்கவில்லை.

பழைய கடிதங்களை நீதானே திரும்பப் படித்தாய்? ஆம் என்று மட்டும் எழுது.

பிரசீதா

பதினேழாம் அத்தியாயம், அதே பக்கம்
பாறசாலை, ஜூலை 20, 2025

பிரியமுள்ள அக்காவுக்கு,

நேற்றுமுன்தினம் மதியம் நான் உறங்கிக் கிடந்தேன். வாயைத் திறந்து காட்டச் சொன்ன நாள் அது. போன் கட்டில் பக்கத்தில்தான் இருந்தது. கை பட்டு நகர்ந்திருக்கும். நீ வீணாகக் கவலைப்படாதே.

இங்கே எல்லோரும் நல்லபடியாகவே இருக்கிறார்கள். அவர் கடைக்குப் போகாமல் இரண்டு நாளாக வீட்டில் இருக்கிறார். நேற்று பொழியூர் கடற்கரைவரை போய் நல்ல நெய்மீன் வாங்கி வந்தார். கோபம் இல்லை, சத்தம் இல்லை. என் போனைக்கூட வாங்கிப் பார்க்கவில்லை. "நீ பாட்டுக்கு எழுது, வாசி, எனக்கு என்ன" என்றார். நான் வாசிக்கிறேன் என்றுதான் எப்போதும் சொல்லியிருக்கிறேன். எழுதுகிறேன் என்று ஒருநாளும் சொன்னதில்லை. அந்த வார்த்தை அவருக்கு எங்கிருந்து வந்தது?

மாமி கதை கேட்க வருவதை நிறுத்திவிட்டார்கள். நானே கூப்பிட்டேன், மந்திரியின் கதை முடியப் போகிறது என்று. "எனக்கு ஒண்ணும் கேக்காண்டாம்" என்று அடுக்களைக்குள் போய்விட்டார்கள். என் முகத்தைப் பார்ப்பதே இல்லை.

இன்று கதை கேட்கலாம் என்று காதுக் குறியைத் தொட்டேன். வீடு அதிரும்படி ஒரு சத்தம். நான் எப்போதும் அடங்கிய சத்தத்தில்தானே வைப்பேன்? முழுதாகக் கூட்டி வைத்திருந்தது.

அக்கா, அது கை பட்டு ஆகியிருக்காது, இல்லையா?

தன்யா

பதினேழாம் அத்தியாயம், அதே பக்கம்
குழித்துறை, ஜூலை 21, 2025

தன்யா,

அவனுக்கு எழுத்துதான் தெரியாது. பேச்சு தெரியும். போனே வாசிக்கும் என்று உனக்குச் சொல்லித் தந்தவள் நான். ஒரு கணம்கூட இதை யோசிக்கவில்லையே, பாவி.

இதையும் அவன் கேட்பான் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். நீ இனி ஒரு வார்த்தையும் எழுதாதே. மதில் பக்கம் போய் நில். ஆனந்தபாய் அக்காவைக் கூப்பிடு. சத்தம் போட்டுக் கூப்பிடு. ஊர் என்ன நினைக்கும் என்று பார்க்காதே. நாலு பேர் முன்னால் உனக்கு ஒன்றும் ஆகாது.

வியாழக்கிழமைவரை நான் காத்திருக்கப் போவதில்லை.

பிரசீதா

புத்தகத்தின் முதல் பக்கம், அட்டைப் படத்துக்குக் கீழே
ஜூலை 22, 2025

அக்கா நான் தன்யா பேசுறேன் எனக்கு ஒரு கொழப்பமும் இல்ல நல்ல சொகம் உண்டு நேத்தே நாங்க அம்பூரிக்கு வந்தாச்சு இப்பம் அம்பூரியில இருந்தாக்கும் பேசுகேன் இஞ்ச நல்ல காத்து நல்ல ஒறக்கம் நீ வாவுக்கு வராண்டாம் வந்தா வீடு பூட்டிக் கெடக்கும் நான் முன்ன எழுதினது எல்லாம் மருந்து போடாம தலைக்குக் கிறுக்கு புடிச்சு எழுதினதாக்கும் அத எல்லாம் அழிச்சிரு அம்மா அவ தட்டுகது இஞ்ச வரைக்கும் கேக்குதுல்லா போய் அந்த நடுக்கதவயும் அடைச்சிட்டு வா வண்டி வாறது வரைக்கும் தொறக்காண்டாம் அவரு எனக்க நல்லதுக்குத்தான் எல்லாம் செய்யுதாரு இனி எனக்கு எழுதாண்டாம் நான் வைக்கேன்

முதல் பக்கம், அதற்குக் கீழே
நெய்யாற்றின்கரை, ஜூலை 22, 2025

அனூஜுக்கு,

தன்யா பெயரில் நீ அனுப்பியது வந்தது. உனக்கு இந்த எழுத்து தெரியாது, பரவாயில்லை. அந்தப் பெண் குரல் உனக்கு வாசித்துத் தரும். நடுவில் நிறுத்தாமல் கேள்.

நீ பேசினாய், போன் எழுதியது. எழுதியதை அது உனக்குத் திரும்ப வாசிக்கும்வரை பொறுத்திருக்கலாம். உனக்கு அவசரம். என்னிடம் சொன்னதோடு உன் அம்மாவிடம் சொன்னதையும் அது சேர்த்து எழுதிவிட்டது. காதில் விழுவதையெல்லாம் எழுதும் என்று தன்யா முன்பே எனக்கு எழுதியிருக்கிறாள். நீ அதையும் கேட்டிருப்பாய், மீன்காரன் வந்த இடத்தில். சிரிப்புக்காகச் சொன்னது என்று விட்டுவிட்டாய் போலிருக்கிறது. தட்டுகிறவள் யார், அடைத்த கதவு எது என்று இப்போது எனக்குத் தெரியும்.

அம்பூரிக்குப் போய்விட்டதாகச் சொன்னாய். அம்பூரியில் உங்கள் வீட்டில் ஒரு கோடு ரேஞ்சு கிடையாது. அங்கிருந்து நீ பேசியிருந்தால் அந்தக் குறிப்பு என் கைக்கு வந்தே இருக்காது. வந்திருக்கிறது. அதனால் நீங்கள் இன்னும் பாறசாலை வீட்டில்தான் இருக்கிறீர்கள். வண்டிக்காகக் காத்திருக்கிறீர்கள்.

உனக்கு எட்டட்டும் என்றுதான் இதையும் சொல்கிறேன். நான் தனியாக வரவில்லை. இங்கே ஸ்டேஷனில் புஷ்பபாய் என்று ஒரு பெண் போலீஸ். உன்னைப் போலவே மலையாளத்தில் படித்தவர், உன்னைப் போலவே நம் தமிழ் பேசுகிறவர். என்ன சொல்லிப் புகார் கொடுப்பது என்று ஒரு மாதமாகத் திண்டாடினேனே, நான் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. போனை மேசைமேல் வைத்து, காதுக் குறியைத் தொட்டேன். முதல் அத்தியாயத்திலிருந்து எல்லாக் கடிதத்தையும் அது அவருக்கு வாசித்தது. கடைசியில் உன்னுடையதையும் வாசித்தது. "அம்மா அவ தட்டுகது" என்ற இடத்தில் அவர் எழுந்து தொப்பியை எடுத்தார். "மதி, இது போதும். வண்டி எடுக்கட்டு" என்றார். நான் இப்போது அந்த ஜீப்பின் பின்சீட்டில் இருந்து எழுதுகிறேன்.

நீ தந்த மாத்திரை என்ன என்பதை நீயே அவரிடம் சொல். ஒன்று கொசுவத்தி டப்பாவில் இருக்கிறது, தேடி எடுத்து ஒளித்தாலும் பயனில்லை. அவள் உடம்பில் இருக்கிறது.

இனி நான் சொல்வது உனக்கு அல்ல.

மாமி, நீங்கள் பக்கத்தில் இருப்பீர்கள், சத்தத்தை அவன் எப்போதும் கூட்டித்தான் வைப்பான். உங்களுக்கு என்மேல் கோபம் உண்டு, இருக்கட்டும். "அந்தப் பிள்ளைக்கு ஒண்ணும் ஆயிராதே" என்று நீங்கள் அவனிடம் கேட்டதைத் தன்யா எனக்கு எழுதினாள். நீங்கள் கேட்டீர்கள், அது போதும், அதை நான் மறக்கவில்லை. இத்தனை நாள் அவள் பக்கத்தில் உட்கார்ந்து கதை கேட்டிருக்கிறீர்கள். மந்திரி என்ன ஆனான் என்று உங்களுக்குத் தெரியவேண்டாமா? நானே வந்து உங்களுக்கு முழுவதும் வாசிக்கிறேன். எத்தனை நாள் ஆனாலும் உட்கார்ந்து வாசிக்கிறேன். இப்போது எழுந்து போய் அந்தக் கதவுகளைத் திறங்கள். அவன் போனை நிறுத்துவதற்குள் போங்கள் மாமி.

பிரசீதா

முதல் பக்கம், மேலே உள்ளதற்குக் கீழே
அதே நாள்

ரயில்வே கேட் அடைத்திருக்கிறது. ஜீப் நிற்கிறது. இங்கிருந்து உங்கள் வீட்டுத் தென்னைகள் தெரிகின்றன.

என் போனில் பக்கம் இப்போதுதான் நகர்ந்தது. யாரோ கேட்கிறீர்கள். அனூஜா, மாமியா என்று தெரியவில்லை. நான் மேலே எழுதியதன் கடைசி வரிவரை வந்து அங்கேயே நிற்கிறது.

தன்யா, நீயாக இருந்தால் ஒரு வரிக்கு மஞ்சள் பூசு. எந்த வரியாக இருந்தாலும் போதும் மக்கா. நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

அக்கா